வலிக்கிறதென்று கத்தச் சொன்னேன்

வேடியப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "சரிப்பா" என்று சொல்லி வைத்தேன். அது தப்பு. அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வரும்போது உன் அம்மா இங்கேதான் இருப்பாள். போளூரில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்கு அவளை நான் அனுப்பப்போவதில்லை. "ரெண்டே நாளுப்பா, அவுங்க வந்து போற வரைக்கும். அம்மாவ இப்டி பாத்தாங்கன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "தோல் சமாச்சாரம் எதுவும் பேச்சுல வரவேணாம்ப்பா" என்றாய். யாருடைய தோல் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. உன் அப்பன் முப்பது வருஷம் மலைப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பிழைத்த வாத்தியார். வீட்டுக்குள் மட்டும் அவனுக்குக் கேள்வி கேட்க வராது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான். அங்கே நின்று பேசினால் பாதி ஊர் காது கொடுக்கும். அதோடு, பிடிக்காத பேச்சு வந்தால் நீ "லைன் சரியில்லப்பா" என்று வைத்துவிடுவாய். ஏழு வருஷமாக ஓசூரில் இருக்கிறாய், எத்தனை தடவை வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதென்றால் முழுதும் படித்துவிட்டுக் கிழி. உன் அம்மாவுக்கு வாதம் வந்தது திடீரென்று நடந்த விஷயம் என்று இன்றுவரை நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அக்கா கல்யாணத்தன்று காலையில், நல்லா இருந்தவள், திடீரென்று விழுந்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொல்கிறாய். அந்தத் திடீரை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அது பொய்.

நீ பிறந்த மறு வருஷம் அம்மாவின் முழங்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பாக ஒரு படை வந்தது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில். அடுத்த மழைக்காலத்துக்குள் முழங்கால், முதுகு, தலை என்று ஏறிவிட்டது. காலையில் அவள் பாயை உதறினால் தவிடு மாதிரி கொட்டும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, அது கருநீலமாக மாறியதும் எடுத்துத் தடவிக்கொள்வாள். அந்தக் கறை படாத ரவிக்கை அவளிடம் ஒன்றுகூட இல்லை. ஊரில் முதலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அடிபம்பில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பிறகு ஒரு கல்யாணத்துக்குச் சாமை குத்தப் போனவளை, ஊர்க் கவுண்டரின் சம்சாரம், "நீ ஒக்காரு மல்லிகா, நாங்க பாத்துக்கறோம்" என்று ரொம்ப மரியாதையாகத் திருப்பி அனுப்பினாள். குஷ்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இல்லை என்று மறுத்திருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். என் பாயைக் கதவுப் பக்கம் தள்ளிப் போட்டேன். உன்னையும் உன் அக்கா கலாவையும் என் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டேன். குஷ்டம் பாவத்தால் வருவதல்ல, மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்று ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய அதே வருஷம் இது.

உனக்கு நாலு வயதாக இருக்கும்போது, குஷ்டநோய் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க ஒரு சுகாதாரப் பணியாளர் மலைக்கு வந்தார். யாரோ அவர் காதில் நம் வீட்டைப் போட்டிருக்கிறார்கள். நேராக வந்தார். அம்மாவைப் பஞ்சாயத்து டிவி ரூமுக்கு முன்னால் உட்காரவைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். "கண்ண மூடிக்கம்மா. நான் தொட்ட எடத்த வெரலால காட்டு" என்றார். அதற்குள் ஊர் கூடிவிட்டது. முழங்கையில் தொட்டார், அம்மா காட்டினாள். புறங்கையில் தொட்டார், காட்டினாள். தொடாமலே சும்மா இருந்து பார்த்தார், அவளும் சும்மா இருந்தாள். இருபது இடமாவது தொட்டிருப்பார், ஒன்றைக்கூட அவள் விடவில்லை. கடைசியில் எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இது குஷ்டம் இல்லீங்க. குஷ்டம்னா அந்த எடம் மரத்துப்போயிருக்கும். இந்தம்மாவுக்குப் பேனா முனை பட்டாலே தெரியுது." பிறகு வேலூரில் தோல் டாக்டரிடம் காட்டினோம். சொரியாசிஸ், தொற்றாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை ஊரில் ஒருத்தரும் வாங்கிப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பேனாதான் சாட்சி. அடுத்த கல்யாணத்துக்கு ஊர்க் கவுண்டர் சம்சாரமே வந்து அம்மாவைச் சாமை குத்தக் கூட்டிக்கொண்டு போனாள். "மல்லிகாவுக்கு எறும்பு நடந்தாகூட தெரியும்டி" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அம்மாவுக்கு அந்தக் கிண்டல் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்றிலிருந்து 'மரத்துப்போச்சு' என்ற பேச்சே நம் வீட்டில் கிடையாது. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனால்கூட, "கால் புடிச்சிக்கிச்சு" என்றுதான் சொல்வாள். நீ கவனித்திருக்க மாட்டாய்.

அந்தத் தோல் டாக்டர் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். "இது தோலோட நிக்கிற வியாதி இல்லீங்க. உள்ளயும் வேலை காட்டும். பிரஷர், சுகர், மூட்டு எல்லாம் வருஷா வருஷம் பாத்துக்கணும். கை கால் மரமரப்பு, நடை தடுமாற்றம், புதுசா தலைவலி, எதுவா இருந்தாலும் ஒடனே வரணும்." நான் தலையாட்டினேன். மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் தோல் ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. தெளிந்ததும் வியாதி போய்விட்டதென்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். நடுவில் ஒரு தடவை பிரஷர் அதிகம் என்று மாத்திரை எழுதினார்கள். அட்டை தீர்ந்ததும் அதையும் விட்டாயிற்று. மலையிலிருந்து ஆலங்காயம், அங்கிருந்து வாணியம்பாடி, பிறகு வேலூர், போய்ட்டு வந்தால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும் என்று காரணம் சொல்வேன். கலாவின் முகூர்த்தப் புடவைக்காக அதே வேலூருக்கு இரண்டு தடவை போனோம். ஆஸ்பத்திரி இருக்கும் தெருவைத் தாண்டித்தான் ஜவுளிக்கடை. அம்மா அந்தக் கட்டடத்தைக் காட்டி, "ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமா?" என்றுகூடக் கேட்டாள். கடை மூடிவிடுவார்கள் என்றேன்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நீ ஓசூரிலிருந்து இன்னும் வரவில்லை, கலா தோழிகளுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து துடுப்பு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள், விரல் மடங்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள். அது அவள் குரலாகவே இல்லை, நாக்கு தடித்துப்போயிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. உட்காரவைத்துக் கையைத் தேய்த்துவிட்டேன். கால் மணி நேரம் இருக்கும், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பிறகு சொன்னாள்:

"கை மரத்துப்போச்சுங்க."

"இப்ப?"

"இப்ப தெர்து. நல்லா தெர்து." ஒவ்வொரு விரலாக அடுப்புக் கல்லில் வைத்து வைத்து எடுத்தாள். "யாருக்கும் சொல்லாதீங்க. கலாவுக்குக்கூட வேணாம். மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாமே."

"போனா இன்னாத்துக்குப் போனன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்றது? கை மரத்துதுன்னா? கல்யாணம் முடியட்டும்."

நான் சரி என்றேன். சொல்லிவிட்டு, அப்பாடா என்று மூச்சு விட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் சொல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது பக்கவாதம் பற்றிய பயமே இல்லை, அது என் நினைப்பிலேயே வரவில்லை. அந்தப் பேனாக்காரர் அன்று தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று பயந்தேன். வாத்தியார், டிகிரி வாங்கினவன், வாய் கோணியதைக் கண்ணால் பார்த்தவன், அப்போதும் குஷ்டத்தைத்தான் நினைத்தேன். ஊரின் புத்தி எனக்குள்ளே அவ்வளவு ஆழத்தில் இருந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு சாமை குத்தினார்கள். இப்போது மெஷின் வந்துவிட்டாலும் கல்யாணச் சாமையில் முதல் மரக்காலை உரலில்தான் குத்த வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம், உனக்குத் தெரியும். இரண்டு பேர் உலக்கை மாற்றி மாற்றிப் போட, பெண்ணைப் பெற்றவள் உரல் பக்கத்தில் உட்கார்ந்து, சிதறுகிற சாமையைக் கையால் உள்ளே தள்ளிவிட வேண்டும். உலக்கை ஏறும்போது கை உள்ளே போகும், இறங்குவதற்குள் வெளியே வந்துவிடும். அம்மா அதில் கெட்டிக்காரி. நான் எல்லாருக்கும் காபித் தூக்கோடு போனேன். பெண்கள் ஏதோ பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சாமையில் சிவப்பாக ஏதோ கலந்திருந்தது. என்னவென்று பார்த்தால், அவளுடைய நடுவிரல் நகத்தோடு நசுங்கி ரத்தம் வழிகிறது. உலக்கைப் பூண் பட்டிருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. அந்தக் கையாலேயே இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

வேடியப்பா, அந்த இடத்தில் நான் செய்ததை நேற்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இன்னும் கவனிக்கவில்லை. காபி ஊற்றுகிறவன் போல அவள் பக்கத்தில் குனிந்து, காதோரமாக, "கத்து மல்லிகா. வலிக்குதுன்னு கத்து" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். "ஐயோ" என்று அலறினாள். உலக்கைகள் நின்றன. ஊர்க் கவுண்டர் சம்சாரம் ஓடிவந்து தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். "பாத்து தள்ளக் கூடாதா மல்லிகா? ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள். "வலிக்குதுக்கா, ரொம்ப வலிக்குது" என்று அம்மா அழுதாள். அந்த அழுகை மட்டும் நிஜம். ரத்தம் பட்ட சாமையை அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி குத்தினார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் அவளிடம், நல்ல வேளை, சமாளிச்சிட்ட என்றேன். பாராட்டினேன் என்றே சொல்ல வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் உணர்ச்சி திரும்பி வந்துவிட்டது என்றாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. இனிமேல் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

கல்யாணத்தன்று காலை நடந்ததை நீ பார்த்தாய். பூ வைத்துக்கொண்டிருந்த கை தொப்பென்று விழுந்தது, அவளும் சாய்ந்தாள். நீதான் தூக்கி ஜீப்பில் ஏற்றினாய். மலை வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம் அவள் தலையை உன் நெஞ்சில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாய். தாலி கட்டுவதை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டு வந்ததால், அம்மா இல்லாமலே கலா தாலி கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். "இதுக்கு முன்னாடி கை கால் மரத்துப்போறது, வாய் கோணறது, பேச்சு கொழர்றது, இந்த மாதிரி எதாவது வந்துதா? வந்துட்டு சரியாப் போனாலும் சொல்லுங்க." நான் "இல்லீங்க" என்றேன். உயிர் ஊசலாடுகிற இடத்திலும் வாய் அதைத்தான் சொன்னது. நீ என் பக்கத்தில் நின்று, "நல்லாதான் இருந்தாங்க மேடம்" என்றாய். பாவம், தெரியாமல் என் பொய்க்குச் சாட்சி சொன்னாய்.

மூன்றாம் நாள் அந்த டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். நீ டீ வாங்கப் போயிருந்தாய். "ஸ்கேன்ல சின்னதா பழைய அடையாளம் தெரியுது. இது மொத தடவ இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். சொல்லிவிட்டேன். துடுப்பு விழுந்ததையும் விரல் நசுங்கியதையும் சொன்னேன், கத்தச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்டி வந்து வந்து போறதுதான் சார் எச்சரிக்கை. அன்னிக்கே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். கண்டிப்பா தடுத்திருப்போம்னு சொல்ல மாட்டேன், வாய்ப்பு இருந்துச்சு" என்றார். சொரியாசிஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சொரியாசிஸ் இருக்கிற எல்லாருக்கும் இது வராதுங்க. ஆனா அது ஒடம்பு பூராவும் இருக்கிற அழற்சி. ரத்தக்குழாயையும் கெடுக்கும். உங்க வீட்டம்மாவுக்குப் பிரஷரும் கூட சேந்துக்கிச்சு. சில பேருக்கு நரம்புல தொந்தரவு வருது, வலிப்பு, நடுக்கம்னு வர்றவங்களும் இருக்காங்க. எதால எது வருதுன்னு இன்னும் முழுசா தெரியல. அதனாலதான் கண்காணிப்புல இருக்கணும்ங்கறது." கடைசியாக ஒன்று சொன்னார். "பிள்ளைங்களுக்கும் இந்தத் தோல் வியாதி வரலாம். வந்தா மறைக்காம காட்டச் சொல்லுங்க." நீ டீயோடு வந்தாய். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய். கடவுள் விட்ட வழி என்றார் என்றேன். அந்த டாக்டரம்மா கடவுள் பேரையே எடுக்கவில்லை.

ஆறு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது, 'இல்ல'. பசிக்கிறதா என்றாலும் இல்ல, குளிருகிறதா என்றாலும் இல்ல. ஆமாம் என்பதற்கும் அதுதான். முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, எந்த இல்ல எதற்கு என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். குளிப்பாட்டுகிறேன், தலை பின்னுகிறேன், கோணல் மாணலாகத்தான். இதையெல்லாம் பார்த்து ஊரில் என்னைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஊரில் உண்மை தெரிந்தவள் ஒருத்திதான், அவளால் சொல்ல முடியாது.

இப்போது உன்னிடம் வருகிறேன். இந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். ஓசூர்ப் பழக்கம் என்று நினைத்தேன். அம்மாவுக்கு நீ சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். அவள் இடது கையை நீட்டி உன் சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கையில் அதே சிவப்பு, அதே செதில். நீ வெடுக்கென்று இழுத்துவிட்டுக்கொண்டாய். அவள் "இல்ல, இல்ல, இல்ல" என்றாள். நீ சோறு வேண்டாம் என்கிறாள் என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அவள் சோற்றைச் சொல்லவில்லை. அன்று நீ குளிக்கப் போனபோது உன் பையைத் திறந்து பார்த்தேன். தப்புதான், வளர்ந்த பிள்ளையின் பையைத் திறக்கக் கூடாது. பிதுக்கிப் பிதுக்கித் தீர்ந்துபோன களிம்புக் குழாய்கள் இருந்தன. டாக்டர் சீட்டு ஒன்றும் இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கி நீயே தடவிக்கொள்கிறாய். நான் பையை மூடி வைத்துவிட்டு, "வேலையெல்லாம் எப்டிப்பா போவுது?" என்று கேட்டேன். இருபது வருஷம் கழித்தும் அதே ஆள்தான் நான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவை ஒளித்துவைக்கச் சொன்னபோது உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வேலையை உனக்குப் பழக்கிக் கொடுத்தவன் நான். ஆனால் இரண்டு நாள் தூங்க முடியவில்லை. நேற்று புதன்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, காலை பஸ்ஸில் ஆலங்காயம் இறங்கி, உனக்குப் பார்த்திருக்கும் ரம்யாவின் வீட்டுக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் போனேன். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் நிலைமையை, அதற்குக் காரணமானதை, உன் கையில் இருப்பதை. கத்தச் சொன்னதையும் சொன்னேன். அதை முதலில் கேட்ட மனிதர் முன்பின் தெரியாத அவர்தான்.

"இத்த சொல்றதுக்காவ பஸ் ஏறி வந்தீங்களா வாத்தியாரே?" என்றார்.

"ஆமாங்க."

"தொத்துமா?"

"தொத்தாதுங்க. ஆனா பிள்ளைங்களுக்கு வரலாம், வராமலும் போலாம். மருந்து கீது. ஒழுங்கா பாத்துக்கிட்டா நல்லா இருக்கலாம். நாங்க பாத்துக்கல."

"யோசிச்சுச் சொல்றோம்ங்க" என்றார். மோர் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. எனக்கென்னவோ வரமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. உன் கல்யாணத்தை உன் அப்பனே நிறுத்திவிட்டான் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். என்னோடு பேசாமல் இருந்தாலும் இரு. இன்னொரு பெண், விஷயம் தெரியாமல் நம் வீட்டுக்கு வந்து, உன் கை விழுகிற அன்றைக்கு, யாருக்கும் சொல்லாதீங்க என்று நீ கெஞ்ச, அவள் சரி என்று சொல்வதை நான் உயிரோடு இருந்து பார்க்க மாட்டேன்.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ரம்யா வண்டியில் வந்து நிறுத்தினாள். ஷூ கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பியவள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன், அப்படித் தெரியவில்லை.

"அவருக்குக் கை மரத்துப்போவுதா மாமா?" என்று கேட்டாள்.

"தெரிலம்மா."

"கேக்கலியா நீங்க?"

"கேக்கல."

"எங்க லைன்ல கை மரத்துப்போனா ஒடனே சொல்லிடணும் மாமா. சொல்லாம தெச்சா ஊசி வெரல்ல எறங்கிடும். அப்பறம் சொல்லி இன்னா ஆவப்போவுது?" வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, திரும்பிப் பார்த்தாள். "கல்யாணம் நடக்குதோ இல்லியோ, அது வேற. அவர மொதல்ல கேளுங்க."

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. உன்னை இரண்டு தடவை நேரில் பார்த்திருப்பாள். அவளுக்கு முதலில் வந்த கேள்வி, உன்னைப் பெற்ற எனக்குப் பொங்கலிலிருந்து வரவில்லை. வந்ததை விழுங்கிக்கொண்டேன் என்பதுதான் சரி. மலை ஏறும் பஸ்ஸில் வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை கலா இங்கே வந்து அம்மாவோடு இருப்பாள். அவளிடமும் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு வருகிறேன் என்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் நான் ஓசூர் வந்துவிடுவேன். நீ லீவு போட்டாலும் போடாவிட்டாலும் உன் கம்பெனி கேட்டில் நிற்பேன். தோலுக்கும் நரம்புக்கும் இரண்டு டாக்டர்களையும் பார்த்துவிட்டுத்தான் உன்னை விடுவேன். அங்கே அவர்கள் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிட வேண்டும். உன் அம்மாவிடம் கேட்கும்போது என்ன பதில் வர வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டு கேட்டேன். உன்னிடம் அப்படிக் கேட்கவில்லை. எந்தப் பதிலாக இருந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

உன் கை மரத்துப்போகிறதா, வேடியப்பா?

கேட்கத் தெரியாமல் இத்தனை வருஷம் கழித்துவிட்ட
உன் அப்பா